பெயிண்ட்பால் ஆட வரும் மகனுக்கு, மாஸ்க் ரூமிலிருந்து

கண்ணு,

நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் நேற்று மத்தியானம் எனக்குப் பதினொரு கேள்விகள் அனுப்பியிருந்தாள். எனக்கு என்றால் எனக்கில்லை, எங்கள் மைதானத்து வாட்ஸ்அப் நம்பருக்கு. அந்த போன் என் சட்டைப் பையில் இருப்பது அவளுக்குத் தெரியாது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பதினாலு பேர் வருகிறோம், பெரும்பாலும் புதுசு, ஆபீஸ் டீம், கூடவே எனக்கு நிச்சயம் ஆனவருக்குக் கல்யாணத்துக்கு முந்தின ஒரு பார்ட்டி மாதிரி என்று எழுதி, பெயர்ப் பட்டியலும் வைத்திருந்தாள். ஆறாவது பெயர் உன்னுடையது. அதன் முன்னால் நிற்கிற இனிஷியல் என்னுடையது. அந்த ஒற்றை எழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்குச் சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டேன். உனக்கு விரிவாக எழுதுகிறேன். போனில் பேசலாமே என்பாய். நாம் போனில் பேசுவது எனக்கு மனப்பாடம். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், மாத்திரை, போட்டுட்டேன், சரி வெச்சிடறேன். உன் கல்யாணத்தையே அந்த மூச்சில்தான் சொன்னாய். "ஆவணியில தேதி பாத்துருக்காங்க, வந்துடுங்க" என்றாய். பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சொல்வது போல இருந்தது. உன்மேல் குறையாகச் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை நீ வந்து நிற்கும்போது உனக்கு நான் மாஸ்க் கொடுக்கிற ஆளாக நிற்பதா, அப்பனாக நிற்பதா என்பதுதான் இப்போது எனக்கு இருக்கிற கேள்வி. அதற்கு விடை தேடித்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவளுடைய முதல் கேள்வி, வலிக்குமா. எல்லாருக்கும் அதுதான் முதல் கேள்வி. பெங்களூர்ப் பிள்ளைகள் "நோவாகுத்தா சார்" என்பார்கள், பாகலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் தெலுங்கில் கேட்பார்கள், ஓசூர்ப் பிள்ளைகள் மூன்றையும் கலந்து அடிப்பார்கள். மூன்றிலும் நான் சொல்வது ஒரே பதில். வலிக்கும். ரப்பர் பேண்டை நன்றாக இழுத்து விட்டால் சுருக்கென்று இருக்குமே, அதைவிடக் கொஞ்சம் கூடுதல். சாயக் குண்டு துணிமேல் பட்டால் அதோடு போகும், வெறும் தோலில் பட்டால் அஞ்சு ரூபாய் நாணய அகலத்துக்குக் கன்றிப்போய் நாலைந்து நாள் நிற்கும். அதனால் முழுக்கைச் சட்டை, தொளதொளப்பான பேண்ட், கழுத்துக்கு ஒரு கைக்குட்டை, காலில் கட்டாயம் ஷூ. செருப்போடு வருகிற மகராசன்கள் வாரத்துக்கு ரெண்டு பேர் இருக்கிறார்கள். பட்டுச் சேலை எடுக்கப் போகிற மாதிரி ஜாக்கிரதையாக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, கறை போகுமா என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. குண்டுக்குள் இருப்பது சாயத் தண்ணீர்தான், மேல்தோல் கேப்சூல் மாத்திரையின் தோல். ஒரு தடவை துவைத்தால் போய்விடும்.

இரண்டாவது கேள்வி துப்பாக்கியைப் பற்றி. நாங்கள் துப்பாக்கி என்று சொல்வதில்லை, மார்க்கர் என்போம். காலையில் ஆட்கள் வருவதற்கு முன்பே ஒவ்வொரு மார்க்கரையும் வேகம் பார்க்கிற கருவியின் முன்னால் சுட்டுப் பார்த்து, வரம்பைத் தாண்டியிருந்தால் ஆலன் கீ போட்டுத் திருகி வேகத்தை இறக்குவது என் வேலை. குழாய் முனைக்கு ஓர் உறை உண்டு. ஆட்டத்துக்கான விசில் ஊதும்வரை அதைக் கழற்றக் கூடாது, வெளியே வரும்போது மறுபடி மாட்டாமல் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய வலையைத் தாண்டக் கூடாது. கீழே விழுந்த குண்டுகளை எடுத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறாள். கெட்டிக்காரிதான், சிக்கனமான குடும்பம் போல. போடக் கூடாது. மண் ஒட்டியிருக்கும், ஈரத்தில் ஊதியிருக்கும், குழாய்க்குள்ளேயே உடைந்து உள்ளே எல்லாம் சாயமாகிவிடும். பத்தடிக்குள் ஆள் சிக்கினால் சுடாதே, "சரண்டரா" என்று கேள் என்றும் எழுதினேன். இதெல்லாம் எனக்குப் பிடித்த வேலை கண்ணு. முப்பது வருஷம் கம்பெனியில், தகடு வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் நின்றவனுக்கு, காலையில் கையில் ஒரு ஆலன் கீ இருந்தால் அன்றைய பொழுது ஓடிவிடும்.

நான் மாந்தோப்புக்குக் காவல் இருப்பதாகத்தானே உன்னிடம் சொல்லியிருந்தேன். அதில் பாதி உண்மை. தளி ரோட்டில் இது மாந்தோப்பாகத்தான் இருந்தது. பெங்களூர்ப் பையன் ஒருவன் குத்தகைக்கு எடுத்து, மரங்களுக்கு நடுவே பழைய டயர், காலி ஆயில் டிரம், கேபிள் சுற்றி வருகிற மரச் சக்கரம் எல்லாவற்றையும் ஒளிவதற்கு அடுக்கிவிட்டான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தலை நிமிர முடியாது. மற்ற நாட்களில் வருவது ஒன்றிரண்டு காலேஜ் கூட்டம். அது போன பிறகு அறுபது மாஸ்க்கைக் கழுவிக் கொடியில் தொங்கவிட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். ஆடிக் காற்றில் அதெல்லாம் தலையாட்டும். சாப்பாடு வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவந்து இங்கேதான் சாப்பிடுகிறேன். உன் அம்மா போய் அஞ்சு வருஷம் ஆகிறது. வீட்டில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட இன்னும் வரவில்லை. பெங்களூர்க் கழிவுத் தண்ணீர் வந்து கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குகிற நாட்களில் காற்று இந்தப் பக்கம் திரும்பினால், இது என்ன வாடை என்று பெங்களூரிலிருந்து வந்தவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். உங்க ஊர்லருந்து வந்ததுதாங்க என்பேன். சிரிப்பார்கள். அவர்கள் சிரிக்கிற அந்த நிமிஷத்துக்காகவே அதே பேச்சை எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் தெரியுமா?

ஆறாவது கேள்வி, குண்டு பட்டதா இல்லையா என்று எப்படித் தெரியும். மேலே பட்டு உடைந்து சாயம் தெரிந்தால் பட்டது. உடையாமல் தெறித்துப் போனால் படவில்லை. பட்டால் நீயே கையைத் தூக்கி, "பட்டுடுச்சு" என்று சொல்லிவிட்டு நடந்து வெளியே வர வேண்டும். யாரும் வந்து பிடித்து இழுக்க மாட்டார்கள். இந்த விளையாட்டில் பெரிய ஏமாற்று இதில்தான் நடக்கும். சிலர் டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்து சட்டைக் கையால் சாயத்தைத் துடைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி தொடர்ந்து ஆடுவார்கள். மார்ஷலாக, அதாவது ஆட்டத்தின் நடுவராக நிற்கிற எனக்கு அவர்களை நூறடி தள்ளியே தெரியும். எப்படித் தெரியும் என்று முதலாளிப் பையன் ஆச்சரியப்படுவான். எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்.

பத்து வருஷத்துக்கு முன்னால் நடந்ததை நீ ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. இன்றைக்கு எழுதிவிடுகிறேன். டிப்ளமா முடித்த உன்னை என் லைனிலேயே பயிற்சிக்குச் சேர்த்துவிட்டது நான்தான். சூப்பர்வைசர் பையன் என்று எல்லாரும் உன்னை டீக்குக் கூப்பிட்டபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பிரஸ்ஸுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல்பாகம் இறங்கும், அதாவது அது இறங்கும்போது இரண்டு கையும் வெளியே இருந்தாக வேண்டும். அதுதான் அதன் பாதுகாப்பு. ஆனால் மாசக் கடைசியில் லாரி வாசலில் நிற்கும், எண்ணிக்கை வராது. ஒரு பட்டனைத் துணி வைத்து அடைத்து டேப் ஒட்டிவிட்டால், இடது கையால் தகட்டை வைத்துக்கொண்டே வலது கையால் அழுத்தலாம், மணிக்கு நூறு துண்டு கூட வரும். எங்கள் ஷாப்பில் அது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். புதிதாக வருகிறவர்களுக்கு யாராவது சொல்லிக் கொடுப்பார்கள். உனக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். வேஸ்ட் துணியை நாலாக மடித்து, என் கையாலேயே அந்தப் பட்டனில் அடைத்தேன். "இப்படி ஓட்டு, சுருக்கா முடியும்" என்றேன். அன்று சாயந்திர ஷிஃப்ட் முடிவதற்குள் உன் இடது கை ஆள்காட்டி விரலின் முன்பாதி போய்விட்டது.

உன்னை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டுத் திரும்பிய என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். ரிப்போர்ட்டில் யார் பெயராவது வர வேண்டும் என்றார்கள். எனக்கு ஓய்வுக்கு மூன்று வருஷம் இருந்தது. பையன் சின்னவன், அவனுக்கு வேறு இடம் கிடைக்கும், என்னை இந்த வயதில் வெளியே அனுப்பினால் எவன் எடுப்பான் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். பயிற்சியாளர் தானாகவே பாதுகாப்புப் பட்டனை முடக்கினார், பலமுறை எச்சரித்தும் கேட்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "பலமுறை" என்ற வார்த்தையை யாரும் கேட்கவில்லை, நானாகச் சேர்த்தேன். நாலு நாள் கழித்து அந்தக் காகிதத்தில் நீயும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு முழுக்கப் படித்தாய். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். அவ்வளவு பேருக்கு நடுவில் நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை முடிந்திருக்கும். "எங்க போடணும்" என்று கேட்டுப் போட்டாய்.

உன் அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள், "நீங்களா அப்படி எழுதுனீங்க?" என்று. கம்பெனி எழுதிக்கிச்சு என்றேன். அவள் நம்பவில்லை. அதற்குப் பிறகு எனக்குச் சோறு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், ஆனால் ஷாப்பில் இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்பதை விட்டுவிட்டாள். முன்பெல்லாம் தினமும் கேட்பாள். நீ அவளிடமும் சொல்லவில்லை என்று அவளுடைய கடைசி நாட்கள்வரை எனக்குத் தெரியாது. அவள் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அது என் தப்புதாம்மா, அப்பாவ ஒண்ணும் கேக்காத" என்று நீ சொல்லிக்கொண்டிருந்ததைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். உள்ளே வரவில்லை. திரும்பிப் போய் கேண்டீனில் உட்கார்ந்தேன்.

இந்த வேலை எனக்குக் கிடைத்ததே அந்தக் கம்பெனி கொடுத்த சான்றிதழில்தான். பாதுகாப்பு விஷயத்தில் கண்டிப்பானவர் என்று அதில் போட்டிருக்கிறது. ஆட்டத்துக்கு முன்னால் டிரம்மேல் ஏறி நின்று விதிமுறை சொல்வது என் பொறுப்பு. ஆரம்பத்தில் ஒருத்தனும் காது கொடுக்கவில்லை. மாஸ்க் கையில் வந்ததும் போட்டுக்கொண்டு செல்ஃபி எடுக்கப் போய்விடுவார்கள். ஒரு நாள் கடுப்பில், "நான் வேலை பாத்த எடத்துல ஒரு பையன், சொன்ன பேச்சு கேக்காம பட்டன அடச்சு வெச்சான், வெரல் போச்சு" என்றேன். கூட்டம் கப்சிப் ஆகிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் அந்தக் கதைதான். எங்கே குரலை இறக்க வேண்டும், எங்கே விரலை மடக்கிக் காட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் அது அப்படித்தான் நடந்தது என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

மாசி மாசம் நாற்பது பேர் வந்த கூட்டத்தில் நீ இருந்தது எனக்குத் தெரியாது. பாதிப்பேர் மாஸ்க்கோடுதான் நின்றார்கள். கதையை வழக்கம்போலச் சொன்னேன். இரண்டாவது ஆட்டத்தில் கேபிள் சக்கரத்துக்குப் பின்னால் ஒருத்தன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். சாயம் எங்கும் இல்லை. மாஸ்க் பனித்துவிட்டது போல என்று நினைத்தேன். நீ கட்டிக்கொள்ளப் போகிறவளின் எட்டாவது கேள்வியும் அதுதான், மாஸ்க் பனித்துக் கண் தெரியாமல் போனால் என்ன செய்வது. கழற்றக் கூடாது, துடைக்கக்கூட உயர்த்தக் கூடாது, மைதானத்துக்குள் கண்ணுக்கு மறைப்பு இல்லாமல் ஒரு விநாடிகூட நிற்கக் கூடாது. கையைத் தூக்கிக்கொண்டு நின்ற இடத்தில் நின்றால் மார்ஷல் வந்து கையைப் பிடித்து வெளியே கூட்டி வருவார். அன்று அப்படித்தான் அவனிடம் போனேன். "மெல்லகே சார், மெல்லகே" என்று கன்னடத்தில் சொல்லிக்கொண்டே இடது கையைப் பிடித்தேன். கையுறையில் ஆள்காட்டி விரலின் நுனி காலியாக இருந்தது. என் விரல்களுக்கு நடுவே அது வெறும் துணியாக மடங்கியது.

வலை வாசல்வரை நாற்பதடி இருக்கும். உன் கையை நான் கடைசியாக எப்போது பிடித்தேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன். கதையைச் சொன்ன என் வாயை என்ன செய்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டு நடந்தேன். வாசல் வந்ததும் நீ கையை உருவிக்கொண்டாய். "இனி நானே போய்க்கறேன்" என்றாய். தமிழில் சொன்னாய். ஆட்டம் முடிந்து நான் வருவதற்குள் நீ போய்விட்டிருந்தாய். நீ போட்டிருந்த மாஸ்க்கைத் தேடி எடுத்தேன். அது புது மாஸ்க், இரட்டைக் கண்ணாடி, எளிதில் பனிக்காது. உள்ளே நுரைப்பஞ்சு நன்றாக நனைந்திருந்தது. வெயில் நாள், வியர்வை என்றுதான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அன்று எழுதிக் கொடுத்த படிவங்களில் உன்னுடையதைத் தேடினேன். ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற இடத்தில் யாரோ ஒரு நண்பனின் பெயர் இருந்தது. உறவு என்ற இடத்தில் 'ரூம் மேட்'.

அதற்குப் பிறகு அந்தக் கதையைச் சொல்வதை நிறுத்திவிட்டேன். பங்குனியில் பழைய கம்பெனிக்குப் போனேன். அந்த ரிப்போர்ட் தப்பு, நான் எழுதினது பொய் என்று எழுதி எடுத்துக்கொண்டு போனேன். நிர்வாகம் கைமாறிவிட்டதாம். வாசலில் இருந்த பையன் என்னை உட்காரச் சொல்லி, உள்ளே போய்க் கேட்டு வந்து, அவ்வளவு பழைய ஃபைல் எதுவும் இங்கே இல்லை சார் என்றான். பிரஸ் ஷாப் இருந்த இடத்தில் இப்போது ரோபோ வெல்டிங் செய்கிறதாம். என் பாவத்தை வாங்கி வைத்துக்கொள்ளக்கூட அங்கே ஓர் ஆள் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். யாருக்காவது போன் செய்து சொல்ல வேண்டும் போல இருந்தது. போனில் பெயர்களைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன், உன் பெயரைத் தாண்டியும் போனேன், கடைசியில் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒன்பதாவது கேள்விக்கு, உனக்கு நிச்சயமான பெண்ணுக்கு நான் எழுதின பதிலை உனக்கும் எழுதுகிறேன். இரண்டு பேருமே புதுசு என்றால் சேர்ந்து எப்படி ஆடுவது என்று கேட்டிருந்தாள். மாசியில் நீ வந்து போனதை அவளிடம் சொல்லவில்லை போல. ஒருத்தர் ஓடும்போது ஒருத்தர் காபந்து கொடுக்க வேண்டும், டிரம்முக்கு மேலே தலையைத் தூக்காமல் பக்கவாட்டில் பார்க்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக வாயைத் திறந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கே இருக்கிறாய், என்ன தெரிகிறது, குண்டு தீர்ந்துவிட்டதா, சத்தமாகச் சொல்ல வேண்டும். பேச்சு நின்றால் பக்கத்து டிரம்மில் இருப்பவனுக்கே நீ இருக்கிறாயா போய்விட்டாயா தெரியாது. நம் வீட்டில் அது நின்றுபோய் மூன்று பேர் மூன்று மூலையில் உட்கார்ந்திருந்தோம். உன் விரலைப் பற்றி அவளிடம் என்ன சொல்லியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. உன் தப்பு என்றுதான் சொல்லியிருப்பாய், உன் குணம் எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடு. என்னை அவள் மதிக்காமல் போனால் போகட்டும்.

நீ இந்த இடம் என்று தெரிந்தேதான் வருகிறாயா, அவளாகவே புக் பண்ணிவிட்டாளா, அதுவும் தெரியவில்லை. எப்படியிருந்தாலும் பத்து மணிக்கு நான் டிரம்மேல் ஏறித்தான் ஆக வேண்டும். உன் டீம் முன்னால் அந்தக் கதையை, நடந்தபடி, சொல்லட்டுமா வேண்டாமா? அதை முடிவு செய்ய எனக்கு உரிமையில்லை, விரல் உன்னுடையது. நாளைக்குக் கூரியரில் போட்டால் வெள்ளிக்கிழமை உன் கையில் இருக்கும். வேண்டாம் என்றால் ஒரு வரி அனுப்பு, மாஸ்க் மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். ஒன்றும் அனுப்பாவிட்டாலும் ஒதுங்கிக்கொள்வேன். சொல்லுங்க என்று நீ அனுப்பினால்தான் சொல்வேன்.

இன்று காலை கிருஷ்ணகிரியிலிருந்து பன்னிரண்டு காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள். உன் முன்னால் வாய் வருமா என்று பார்க்க, பெயர் சொல்லாமல் அவர்களிடம் முதல் தடவையாகச் சொன்னேன். "பட்டன்ல துணிய அடச்சது நான். வெரல் போனது எம் பையனுக்கு. அவன் மேல தப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அவன் மேல ஒரு தப்பும் இல்ல." யாரும் செல்ஃபி எடுக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் மாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்த அண்ணா இப்ப உங்ககிட்ட பேசறாரா சார்?" என்று கேட்டாள்.

"பேசுவாம்மா" என்றேன்.

இனி இந்தக் கதையில் ஒரு பொய்கூடச் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டு டிரம்மேல் ஏறியவன், இறங்குவதற்குள் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டேன். இது பொய்யா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை கண்ணு.

அப்பா